ரஹ்மானினோவ்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

யார் இவர்? சுருக்கமாகச் சொல்லுங்கள்.

செர்கேய் வசீலியெவிச் ரஹ்மானினோவ். 1873இல் ரஷ்யாவின் நோவ்கொரோத் பகுதியில் பிறந்தார், 1943இல் அமெரிக்காவில் பெவர்லி ஹில்ஸில் இறந்தார். பியானோ வாசித்தார், இசை எழுதினார், ஆர்க்கெஸ்ட்ரா நடத்தினார். மூன்றிலும் முதல் வரிசை ஆள். ஆனால் மூன்றையும் ஒரே சமயத்தில் செய்ய அவரால் முடிந்ததே இல்லை. ஒன்றைக் கையில் எடுத்தால் மற்றது படுத்துவிடும். அவருடைய வாழ்க்கை வரலாற்றை வாசிக்கும்போது, "இந்த வருடங்களில் ஏன் ஒன்றுமே எழுதவில்லை?" என்று தோன்றும் இடங்களில் அந்த வருடம் அவர் என்ன வேலையில் இருந்தார் என்று பாருங்கள். பாதிக் குழப்பம் அங்கேயே தீரும்.

பெயரை எப்படி எழுதுவது? தேடினால் ஏ.ஆர். ரஹ்மான் வருகிறாரே?

வரத்தான் செய்வார். இரண்டு பெயருக்கும் ஒரு சம்பந்தமும் இல்லை. ரஷ்ய உச்சரிப்பில் முதல் பகுதி தொண்டையிலிருந்து வரும் 'ஹ'. தமிழில் ரஹ்மானினோவ், ரக்மானினாஃப், ராச்மானினாப் என்று பலவிதமாக எழுதுகிறார்கள். கடைசியாகச் சொன்னது ஆங்கில எழுத்தைப் பார்த்து வாசித்ததால் வந்த பிழை. ஆங்கிலத்தில் தேடும்போது கடைசியில் இரண்டு 'எஃப்' போட்டும் ஒருமுறை, ஒரே 'வி' போட்டும் ஒருமுறை தேடுங்கள். அவர் கையெழுத்திட்டது இரண்டு 'எஃப்' போட்டுத்தான். நூலகப் பட்டியல்கள் பலவற்றில் 'வி' இருக்கும்.

பிறந்த தேதி ஏன் புத்தகத்துக்குப் புத்தகம் மாறுகிறது?

ரஷ்யா 1918 வரை பழைய ஜூலியன் நாட்காட்டியில் இருந்தது. அந்தக் கணக்கில் மார்ச் 20. நம் கணக்கில் 1873 ஏப்ரல் 1. 19ஆம் நூற்றாண்டுத் தேதிகளுக்கு 12 நாள் கூட்ட வேண்டும், 20ஆம் நூற்றாண்டுக்கு 13 நாள். வெளிநாட்டில் குடியேறிய பிறகு 13 நாள் கூட்டியதால்தான் சில இடங்களில் ஏப்ரல் 2 என்று நிற்கிறது. 1917 வரையான கச்சேரித் தேதிகள் எல்லாவற்றிலும் இந்தச் சிக்கல் உண்டு. ஒரே நிகழ்ச்சியை இரண்டு நிகழ்ச்சியாக எண்ணிவிடாதீர்கள்.

எங்கே, யாரிடம் படித்தார்?

அப்பா சொத்தையெல்லாம் தொலைத்ததால் குடும்பம் செயின்ட் பீட்டர்ஸ்பர்க் வந்தது. அங்கே கன்சர்வேட்டரியில் (இசைக் கல்லூரி) பையன் பொதுப் பாடங்களில் தோற்றான். அம்மா, உறவினரான அலெக்ஸாந்தர் ஸிலோத்தியிடம் யோசனை கேட்டார். ஸிலோத்தி, பியானோ மேதை லிஸ்ட்டின் மாணவர். "மாஸ்கோவுக்கு அனுப்புங்கள், நிகோலாய் ஸ்வெரெவ் வீட்டில் விடுங்கள்" என்றார்.

ஸ்வெரெவ் வீடு கிட்டத்தட்ட குருகுலம். மாணவர்கள் அங்கேயே தங்க வேண்டும். முறை வந்தவர் காலை 6 மணிக்குப் பியானோ முன்னால் இருந்தாக வேண்டும். முந்தின நாள் நாடகம் பார்த்துவிட்டு நள்ளிரவில் வந்திருந்தாலும் விலக்கு கிடையாது. அவர் படித்த காலத்தில் தொழில்நுட்பத் தேர்வும் சாதாரணமாக இல்லை. ஹனோன் எழுதிய விரல் பயிற்சிகளை மாணவர் எண்ணை வைத்தே தெரிந்திருக்க வேண்டும். "17ஆம் எண்" என்றால் உட்கார்ந்து வாசிக்க வேண்டும். புத்தகத்தில் சி மேஜரில் இருப்பதை, தேர்வாளர் கேட்கும் வேறு சுருதியில் மாற்றியும் வாசிக்க வேண்டும்.

1889இல் குருவுக்கும் சீடருக்கும் முறிந்தது. இசை எழுதத் தனி அறை வேண்டும் என்று கேட்டதுதான் காரணம். பிறகு மாஸ்கோ கன்சர்வேட்டரியில் ஸிலோத்தியிடம் பியானோ, தனேயெவ், அரென்ஸ்கியிடம் இசையமைப்பு. பியானோப் பட்டம் 1891, இசையமைப்புப் பட்டம் 1892. தேர்வுக்கு எழுதிய ஓரங்க ஓபெரா 'அலெக்கோ' மூன்று வாரத்துக்குள் முடிந்தது. பெரிய தங்கப் பதக்கம் வாங்கித் தந்தது.

முதல் சிம்பொனி அவ்வளவு மோசமா?

படைப்பு மோசமில்லை, அரங்கேற்றம் மோசம். 1897 மார்ச்சில் செயின்ட் பீட்டர்ஸ்பர்கில் இசையமைப்பாளர் கிளாசுனோவ் நடத்தினார். ஒத்திகை போதவில்லை, அதே நிகழ்ச்சியில் வேறு புதுப் படைப்புகளும் இருந்தன. கிளாசுனோவ் குடித்திருந்தார் என்று பிற்காலத்தில் ரஹ்மானினோவின் மனைவி சொன்னது உண்டு, ஆனால் அதை நிரூபிக்க வழியில்லை. விமர்சகர் சேசர் குயி, பைபிளில் வரும் எகிப்தின் வாதைகளோடும் நரகத்தில் இருக்கும் இசைப் பள்ளியோடும் அதை ஒப்பிட்டு எழுதினார். 24 வயதுகூட ஆகாத ஆளுக்கு அது போதாதா?

அவர் உயிரோடு இருக்கும்வரை அது மறுபடி ஒலிக்கவில்லை. நாட்டை விட்டுக் கிளம்பியபோது விட்டுச் சென்ற முழு ஸ்கோர் (எல்லா வாத்தியங்களுக்குமான இசைத்தாள்) தொலைந்தது. அவர் இறந்த பிறகு, லெனின்கிராட் (செயின்ட் பீட்டர்ஸ்பர்கின் சோவியத் காலப் பெயர்) கன்சர்வேட்டரி நூலகத்தில் வாத்தியக்காரர்களின் தனித்தனித் தாள்கள் கிடைத்தன. அதை வைத்து ஸ்கோரைத் திரும்பக் கட்டி 1945 அக்டோபர் 17 அன்று மாஸ்கோவில் அலெக்ஸாந்தர் காவுக் நடத்தினார். இன்று நாம் கேட்பது அந்தத் தாள்களின் புண்ணியம்.

ஹிப்னாடிசத்தால் குணமானார் என்பது கதையா?

முதல் சிம்பொனியின் தோல்விக்குப் பிறகு மனம் உடைந்து, இசை எழுத முடியாமல் போனார். சிகிச்சை நடந்தது உண்மை. 1900 ஜனவரி முதல் ஏப்ரல் வரை மாஸ்கோவில் மருத்துவர் நிகோலாய் டாலிடம் தினமும் போனார். டால் இசை ரசிகர், தானும் வாசிக்கத் தெரிந்தவர். மயக்கிப் பேசியது எவ்வளவு, சும்மா உட்கார்ந்து இசை பேசியது எவ்வளவு என்பதில் வரலாற்றாசிரியர்களுக்குள் ஒற்றுமை இல்லை. பலன் கண்முன்னால் இருக்கிறது: இரண்டாம் பியானோ கன்செர்டோ (பியானோவும் ஆர்க்கெஸ்ட்ராவும் சேர்ந்து வாசிக்கும் படைப்பு). இரண்டாம், மூன்றாம் பகுதிகள் 1900 கடைசியில் மேடையேறின, முழுதும் 1901இல். படைப்பை டாலுக்கே காணிக்கையாக்கினார். 1904இல் அதற்குக் கிளிங்கா பரிசாக 500 ரூபிள் கிடைத்தது.

சி ஷார்ப் மைனர் பிரெலூட் அவருக்குப் பணம் கொட்டியதா?

கொட்டியது பதிப்பாளர்களுக்கு. 1892இல், 19 வயதில் எழுதிய சிறு பியானோத் துண்டு அது. ஓபஸ் (படைப்பு வரிசை எண்) 3இல் இரண்டாவது. ஐந்து துண்டுகளுக்கு 200 ரூபிள், அதாவது இதற்கு 40. ரஷ்யா அப்போது பெர்ன் காப்புரிமை ஒப்பந்தத்தில் இல்லாததால் வெளிநாட்டுப் பதிப்புகளிலிருந்து அவருக்கு ஒரு காசு வரவில்லை. ஸிலோத்தி அதை மேலைநாடுகளில் வாசித்துப் பிரபலமாக்கிவிட்டார். பிறகு ரஹ்மானினோவ் எங்கே வாசித்தாலும் கடைசியில் கூட்டம் "சி ஷார்ப்!" என்று கத்தும். அவருக்கு அது வெறுத்தே போனது. நம் பாடகர்களிடம் ஒரே சினிமாப் பாட்டைக் கேட்டு நச்சரிப்பது போலத்தான்.

அதை நானே கற்கிறேன். எங்கே தவறு நடக்கும்?

பெரும்பாலும் முதல் மூன்று ஸ்வரத்திலேயே. ஏ, ஜி ஷார்ப், சி ஷார்ப் என்று இறங்கும் அந்த மூன்றையும் முழு பலத்தில் அடித்துவிட்டால், கடைசிப் பக்கத்துக்குக் கையில் ஒன்றும் மிஞ்சாது. அந்தப் பக்கத்தில் இசை நான்கு வரிசைத் தாளில் விரிகிறது, சில கார்ட்களுக்கு (ஒருசேர ஒலிக்கும் ஸ்வரங்கள்) நான்கு 'எஃப்', அதாவது மிக மிகச் சத்தம் என்று, போட்டிருக்கிறார். எனவே தொடக்க இசை திரும்பி வரும் அந்தப் பகுதியை முதலில் கற்றுக்கொள்ளுங்கள். அங்கே உங்களால் முடிந்த உச்ச ஒலி எது என்று பார்த்துவிட்டு, தொடக்கத்தை அதற்குக் கீழே வையுங்கள்.

மூன்றாம் பாரில் (தாளக் கட்டம்) ஒலி திடீரென்று 'மூன்று பி'க்கு, அதாவது மிக மிக மெல்லியதாக, இறங்குகிறது. இங்கே பெடல்தான் ஆளைக் கவிழ்க்கும். கீழே சி ஷார்ப் ஆக்டேவ் தொடர்ந்து ஒலிக்க வேண்டும், மேலே கார்ட்கள் ஒன்றன்மேல் ஒன்று குழம்பக் கூடாது. முழுக்க அழுத்திப் பிடித்தால் சேறு, முழுக்க விட்டால் அடித்தளம் போய்விடும். பெடலைப் பாதிதூரம் எடுத்துத் திரும்ப அழுத்தப் பழகுங்கள். அப்ரைட் பியானோவில் இது கிராண்டு அளவுக்கு நன்றாக வராது. எலக்ட்ரானிக் கீபோர்டில் பெடல் வெறும் ஆன்-ஆஃப் சுவிட்சாக இருந்தால் வரவே வராது. பாதிப் பெடலை உணரும் வகை வேண்டும்.

நடுவில் வரும் பரபரப்பான 'அஜித்தாத்தோ' பகுதியில் எல்லாரும் மும்மூன்றாக வரும் ஸ்வரங்களைச் சம பலத்தில் தட்டுவார்கள். மெலடி ஒவ்வொரு மூன்றிலும் முதல் ஸ்வரத்தில் இருக்கிறது. அந்த முதல் ஸ்வரங்களை மட்டும் தனியாக ஒரு நாள் வாசியுங்கள், பாட்டு தானாகத் தெரியும். கடைசி ஏழு பார் அடங்கிப்போக வேண்டும். களைத்த கை அங்கே சத்தமாகவே விழும் என்பதால் அதைத் தனியாகவும் பழகுங்கள்.

அவர் கை உண்மையிலேயே அவ்வளவு பெரியதா?

பெரியதுதான். ஆள் ஆறரை அடி. இடது கையால் சி, ஈ ஃப்ளாட், ஜி, சி, மேல் ஜி ஐந்தையும் ஒருசேரப் பிடிப்பார் என்பது வழக்கமாகச் சொல்லப்படும் அளவு. ஒரு வெள்ளைக் கட்டை சுமார் 23.5 மில்லிமீட்டர் அகலம். அந்த சி முதல் ஜி வரை 12 கட்டை. சுண்டுவிரல் நடுவிலிருந்து கட்டைவிரல் நடுவுக்கு ஏறக்குறைய 26 சென்டிமீட்டர். உங்கள் கையை ஸ்கேலில் வைத்துப் பாருங்கள்.

ஆனால் கை சின்னதாக இருப்பவர்கள் அவரை ஒதுக்க வேண்டியதில்லை. இரண்டாம் கன்செர்டோவின் தொடக்கக் கார்ட்களில் இடது கைக்குப் பத்தாம் ஸ்வரம் வரை எட்ட வேண்டும். எட்டாதவர்கள் கீழ் ஸ்வரத்தை முன்கூட்டித் தொட்டு, பெடலில் பிடித்துக்கொண்டு மற்றதை வாசிக்கிறார்கள்; பெரிய மேடைகளிலும் இது சாதாரணம். வம்பாக விரித்துப் பிடித்தால் மணிக்கட்டும் முன்கையும் இறுகும், வலி வரும். வலி வந்தால் நிறுத்துங்கள், "பழகிவிடும்" என்று தொடராதீர்கள். ஒரு வேடிக்கை: மூன்றாம் கன்செர்டோவை அவர் காணிக்கையாக்கியது பியானோ கலைஞர் ஜோசெஃப் ஹோஃப்மனுக்கு. ஹோஃப்மனின் கை சின்னது, அவருக்காகவே ஸ்டைன்வே குறுகிய கட்டைகளோடு பியானோ செய்துகொடுத்தது. அவர் அந்தக் கன்செர்டோவைக் கடைசிவரை மேடையில் வாசிக்கவில்லை.

நடத்துநராக என்ன செய்தார்?

1897இல் மாமந்தோவின் தனியார் ஓபெராவில் தொடங்கினார். பாடகர் ஷாலியாபினோடு நட்பு அங்கே உண்டானது. 1904 முதல் 1906 வரை இரண்டு பருவம் மாஸ்கோவின் போல்ஷோய் அரங்கில். அங்கே அவர் செய்த ஒரு மாற்றம் இன்று சாதாரணமாகத் தெரியும். அதுவரை ரஷ்ய ஓபெராவில் நடத்துநர் மேடையை ஒட்டி நிற்பார், பாடகர்கள் எதிரில், ஆர்க்கெஸ்ட்ரா முதுகுக்குப் பின்னால். ரஹ்மானினோவ் நடத்துநர் நிற்கும் இடத்தை ஆர்க்கெஸ்ட்ராவுக்குப் பின்புறம் நகர்த்தினார். இப்போது வாத்தியக்காரர், பாடகர் இரண்டு பேரும் ஒரே பார்வையில். பாடகர்கள் சிலர் முணுமுணுத்தார்கள், ஆனால் ஏற்பாடு நிலைத்தது.

1909-10இல் முதல் அமெரிக்கச் சுற்றில் 26 நிகழ்ச்சிகள்: 19இல் பியானோ, 7இல் நடத்துநர். மூன்றாம் கன்செர்டோவின் முதல் மேடை அப்போதுதான், 1909 நவம்பர் 28, நியூயார்க், டாம்ரோஷ் நடத்த. அடுத்த ஜனவரியில் அதே ஊரில் அதே படைப்பு, நடத்தியவர் குஸ்தாவ் மாலர். அந்தக் கன்செர்டோவைக் கப்பலில் ஒலி எழுப்பாத ஊமைக் கீபோர்டில் பழகிக்கொண்டு வந்திருந்தார்.

ரஷ்யாவை விட்டு எப்படி வெளியேறினார்? பிறகு ஏன் எழுதவில்லை?

1917 டிசம்பரில், ஸ்காண்டிநேவியாவில் பத்துக் கச்சேரிகளுக்கு வந்த அழைப்பைக் காரணமாகக் காட்டி அனுமதி வாங்கினார். மனைவி நதாலியா, இரண்டு மகள்களுடன் பெத்ரோகிராதிலிருந்து (செயின்ட் பீட்டர்ஸ்பர்கின் அப்போதைய பெயர்) ரயிலில் ஃபின்லாந்து எல்லை, பிறகு திறந்த பனிச்சறுக்கு வண்டி, கடைசியில் ஸ்டாக்ஹோம். தம்போவ் பகுதியில் இருந்த இவானோவ்கா பண்ணை கையைவிட்டுப் போனது. அவர் எழுதியதில் பெரும்பகுதி அந்தப் பண்ணையில் கழிந்த கோடைகளில்தான்.

வயது 44, கையில் பணமில்லை. அமெரிக்காவிலிருந்து வந்த அழைப்புகளில் ஒன்று பாஸ்டன் சிம்பொனியில் 30 வாரத்தில் 110 நிகழ்ச்சி நடத்துவது. அத்தனை படைப்புகளை அவ்வளவு சீக்கிரம் தயார் செய்ய முடியாது என்று மறுத்தார். பியானோவையே பிழைப்பாக எடுத்தார். அதிலும் ஒரு சிக்கல்: அதுவரை மேடையில் பெரும்பாலும் தன் படைப்புகளைத்தான் வாசித்திருந்தார். பீத்தோவன், ஷோபான், ஷூமான், லிஸ்ட் என்று முழு நிகழ்ச்சிகளுக்கான பட்டியலைப் புதிதாகக் கட்ட வேண்டியிருந்தது. 1918 நவம்பரில் நியூயார்க்; 1922-23 பருவத்தில் ஐந்து மாதத்தில் 71 கச்சேரி. இப்படி ஓடுபவர் எப்போது எழுதுவார்? 1917 வரை ஓபஸ் எண் 39 வந்திருந்தது. அடுத்த 25 வருடத்தில் சேர்ந்தவை ஆறே ஆறு. மண்ணை விட்டு வந்த துக்கம் என்று சொல்வார்கள், அவரும் சொன்னார். ரயில் அட்டவணையையும் கணக்கில் சேர்க்க வேண்டும் என்பது எங்கள் கருத்து. கடைசி வருடங்களின் பெரிய படைப்புகளில், பியானோவுக்கும் ஆர்க்கெஸ்ட்ராவுக்குமான பாகனீனி ராப்சோடியும் மூன்றாம் சிம்பொனியும் ஸ்விட்சர்லாந்தில் லூசெர்ன் ஏரிக்கரையில் கட்டிய 'செனார்' வீட்டின் கோடை விடுமுறைகளில் பிறந்தவை. செர்கேய், நதாலியா, ரஹ்மானினோவ் மூன்று பெயரின் முதல் எழுத்துகள்தான் அந்த வீட்டின் பெயர்.

சம்பாதித்ததை மூடி வைக்கவில்லை. 1923இல் விமானப் பொறியாளர் இகோர் ஸிகோர்ஸ்கியின் தொழிற்சாலை தள்ளாடியபோது 5,000 டாலர் கொடுத்தார்.

தாகூரோடு ஏதோ மோதல் என்கிறார்களே?

நேரில் இல்லை. 1930இல் சோவியத் நாட்டுக்குப் போய்வந்த ரவீந்திரநாத் தாகூர் அங்குள்ள கல்வி முறையைப் பாராட்டிப் பேசினார். அதைக் கண்டித்து 1931 ஜனவரியில் நியூயார்க் டைம்ஸில் ஒரு கடிதம் வந்தது. கையெழுத்திட்ட மூவரில் ரஹ்மானினோவ் ஒருவர். விலையும் கொடுத்தார். சோவியத் பத்திரிகைகள் அவரைத் தாக்கின, மாஸ்கோ, லெனின்கிராட் கன்சர்வேட்டரிகளில் அவர் இசைக்குத் தடை வந்தது. 1933இல் தளர்ந்தது. போர் வந்ததும் 1941இல் ஒரு கச்சேரி வசூலை சோவியத் படையின் மருத்துவ உதவிக்கு அனுப்பியவரும் இவரேதான்.

எப்படிப் பயிற்சி செய்வார்?

நம்ப முடியாத அளவுக்கு மெதுவாக. ஷோபானின் ஓபஸ் 25, எண் 6 எத்யூடை (பயிற்சித் துண்டு) அவர் வீட்டில் வாசித்துக்கொண்டிருந்ததை வாசலில் நின்று கேட்ட பியானோ கலைஞர் ஆபிராம் சேசின்ஸ், ஒரு பாருக்கு 20 விநாடி, கிட்டத்தட்ட ஒரு மணி நேரம் அதே வேகம் என்று எழுதியிருக்கிறார். அந்தப் பாரின் சரியான வேகம் 2 விநாடிக்கும் குறைவு. இப்படிப் பழகும்போது செய்யக்கூடாதது ஒன்று உண்டு: கை மட்டும் மெதுவாகப் போய், அசைவு பெரிதாவது. வேகத்தில் எந்த அசைவு தேவையோ அதே சிறிய அசைவைத்தான் மெதுவாகவும் செய்ய வேண்டும். இல்லாவிட்டால் நீங்கள் பழகுவது வேறொரு துண்டு.

இன்னொன்று, ஒவ்வொரு படைப்புக்கும் ஒரு 'புள்ளி' உண்டு என்பார். உச்சம் சத்தமாகவும் இருக்கலாம், மெல்லியதாகவும் இருக்கலாம். அது தவறினால் அன்று வாசித்தது முழுக்கச் சரிந்தது என்று எடுத்துக்கொள்வார்.

அவர் வாசித்த பதிவுகளில் எதைக் கேட்பது?

நான்கு கன்செர்டோவும் பாகனீனி ராப்சோடியும் ஃபிலடெல்ஃபியா ஆர்க்கெஸ்ட்ராவோடு அவரே வாசித்துப் பதிவாகியிருக்கின்றன. இரண்டாம் கன்செர்டோவுக்கு இரண்டு பதிவு உண்டு. 1929இல் மைக் வைத்து எடுத்ததைத் தேர்ந்தெடுங்கள். இன்றைய பலரைவிட வேகமாகவும், கண்ணீர் பிழியாமலும் போகிறார். பழக ஒருநாள் ஆகும். மூன்றாவதில் பல இடங்கள் வெட்டப்பட்டிருக்கின்றன. முதல் பகுதியில் அவர் எழுதிய இரண்டு காடென்ஸாக்களில் (பியானோ மட்டும் தனித்து வாசிக்கும் இடம்) இலகுவானதையே வாசித்தார். இன்று போட்டிகளில் பலர் கனமானதை எடுக்கிறார்கள்.

அடுத்தவர் இசையில் கேட்க வேண்டுமானால் 1930இல் பதிவான ஷோபானின் இரண்டாம் சொனாட்டா. இறுதி ஊர்வல இசை திரும்பி வரும் இடத்தில் ஷோபான் மெல்லியதாகக் கேட்டிருக்கிறார். இவர் இடியாகத் தொடங்கி, தூரத்தில் மறையும்வரை கொண்டுபோகிறார். முந்தைய தலைமுறை ரஷ்யப் பியானோ மேதை அந்தோன் ரூபின்ஷ்டைனின் வழி அது.

மேடைப் பதிவு தேடாதீர்கள். வானொலியில் ஒலிபரப்ப அவர் சம்மதித்ததில்லை. விதிவிலக்காக, 1940 டிசம்பரில் நடத்துநர் ஓர்மண்டிக்குத் தன் 'சிம்பொனிக் நடனங்கள்' படைப்பைப் பியானோவில் வாசித்துக் காட்டியது ஒரு டிஸ்கில் பதிவானது. 2018இல்தான் வெளியில் வந்தது. முனகிப் பாடிக்கொண்டே வாசிக்கிறார்.

புதிதாகக் கேட்பவர் எங்கே தொடங்கலாம்?

வோக்கலீஸ், ஓபஸ் 34இன் கடைசிப் பாட்டு. வார்த்தையே கிடையாது, ஒரே உயிரெழுத்தில் பாடுவது. ஆலாபனை கேட்டுப் பழகிய காதுக்கு இது அந்நியமாக இருக்காது. பிறகு பாகனீனி ராப்சோடி: பாகனீனியின் ஒரே மெட்டுக்கு 24 மாற்றங்கள், எல்லாம் சேர்ந்து 25 நிமிடத்துக்குள். 18ஆவது மாற்றம் ஊரறிந்தது. அது மூல மெட்டைத் தலைகீழாகத் திருப்பியது, ஏறுமிடத்தில் இறங்கும், இறங்குமிடத்தில் ஏறும். அதற்கு அடுத்ததாக 1915இன் 'இரவு விழிப்பு வழிபாடு', வாத்தியமே இல்லாத பாடகர் குழு. ஐந்தாம் பாட்டின் முடிவில் ஆண் குரல்கள் படிப்படியாக இறங்கிப் பாதாளத்தில் நிற்கும். தன் இறுதிச் சடங்கில் பாட வேண்டும் என்று அவர் விரும்பிய பாட்டு. போன் ஸ்பீக்கரில் அந்த இடம் காதில் விழாது, ஹெட்போன் போடுங்கள்.

நோட்டேஷனை இலவசமாகப் பயன்படுத்தலாமா?

இந்தியாவில் ஆசிரியர் இறந்து 60 ஆண்டுவரை காப்புரிமை. அவருடையது 2003 முடிவோடு தீர்ந்தது. இறந்து 70 ஆண்டு என்ற விதியுள்ள நாடுகளில் 2013 முடிவோடு. அமெரிக்கா வேறு கணக்கு: முதல் வெளியீட்டிலிருந்து 95 ஆண்டு என்பதால் ராப்சோடி, மூன்றாம் சிம்பொனி போன்ற 1930களின் படைப்புகளுக்கு அங்கே இன்னும் உரிமையாளர் உண்டு. நீங்கள் வாசித்து இணையத்தில் ஏற்றும்போது வரும் ஆட்சேபம் இதனாலும் இருக்கலாம். புதுப் பதிப்புகளின் விரல் குறிப்புகளுக்கும், வேறு வாத்தியத்துக்கு மாற்றி எழுதியவற்றுக்கும் தனி உரிமை உண்டு. 

கடைசிக் காலம்?

1943 பிப்ரவரி 1 அன்று அமெரிக்கக் குடியுரிமை பெற்றார். அதே மாதம் 17இல் டென்னசியின் நாக்ஸ்வில்லில் கடைசிக் கச்சேரி. நிகழ்ச்சியில் அந்த ஷோபான் சொனாட்டாவும் இருந்தது. தோல் புற்றுநோய் உடலெங்கும் பரவியிருந்தது. மார்ச் 28 அன்று, 70ஆம் பிறந்தநாளுக்கு நான்கு நாள் இருக்கும்போது இறந்தார். மாஸ்கோவின் நோவோதெவிச்சி கல்லறையில் அடங்க விரும்பியிருந்தார், போர்க்காலம், நடக்கவில்லை. நியூயார்க் மாநிலத்தில் வல்ஹாலா என்ற ஊரின் கென்சிகோ கல்லறையில் இருக்கிறார்.